விஐ எடிட்டரில் ^எம், ^[ போன்ற கண்ட்ரோல் எழுத்துகளைப் பார்ப்பதும் தட்டுவதும்

கேள்வி இதுதான். வேறொரு கணினியிலிருந்து வந்த கோப்பை, யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் உரையைத் திருத்தும் நிரலான விஐ எடிட்டரில் திறந்தால் வரிக்கு வரி கடைசியில் ^எம் என்று நிற்கிறது. தேடினால் அகப்படுவதில்லை, அழிக்கச் சொன்னாலும் போவதில்லை. இன்னொரு கோப்பில் எஸ்கேப் எழுத்தையே உள்ளே வைக்க வேண்டியிருக்கிறது. எஸ்கேப் கீயை அழுத்தினால், எழுத்துகளைத் தட்டும் நிலையான இன்செர்ட் மோடு முடிந்துவிடுகிறது. இரண்டுக்கும் என்ன வழி?

வழி ஒன்றுதான்: கண்ட்ரோல்-வி. அதை அழுத்திவிட்டு அடுத்து எந்தக் கீயைத் தட்டினாலும், எடிட்டர் அதை ஆணையாக எடுத்துக்கொள்ளாமல் அப்படியே எழுத்தாகக் கோப்பில் வைத்துவிடும். அவசரம் என்றால் இது போதும். ஆனால் திரையில் தெரியும் ^எம் உண்மையில் என்ன என்பது புரியாமல் இதைப் பயன்படுத்தினால் நல்ல கோப்பையே கெடுத்துக்கொள்ள முடியும். நான் அப்படிக் கெடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு விஷயம் முதலில்: ஆணைகளையும் கீகளின் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அந்தந்த ஆங்கில எழுத்தைத் தட்டிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து என்று நான் சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்து. திரையில் ^ குறிக்குப் பக்கத்தில் தெரியும் எழுத்து மட்டும் எப்போதும் பெரியது.

திரையில் ^எம் என்று இரண்டு எழுத்துகள் தெரிகின்றன. கோப்பில் இருப்பது ஒன்றே ஒன்று, 13 என்ற எண் கொண்ட ஒற்றை பைட். அதற்கென்று வடிவம் எதுவும் கிடையாது என்பதால், நமக்குக் காட்டுவதற்காக எடிட்டர் ^ போட்டுப் பக்கத்தில் ஓர் எழுத்தையும் வரைகிறது. சோதித்துப் பார்ப்பது சுலபம். கர்சரை அதன்மேல் கொண்டுபோய் எக்ஸ் கீயை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். இரண்டும் சேர்ந்து மறைந்தால் அது கண்ட்ரோல் எழுத்து. ஒன்று மட்டும் போய் இன்னொன்று நின்றால், யாரோ ^ குறியையும் எம் எழுத்தையும் தனித்தனியாகத் தட்டி வைத்திருக்கிறார்கள். பார்த்த பிறகு யு தட்டினால் பழையபடி ஆகிவிடும்.

தேடல் ஏன் தோற்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. சாய்கோடு போட்டு ^, பெரிய எம் என்று இரண்டு எழுத்தாகத் தட்டினால் விஐ அதை வேறு மாதிரிப் படிக்கும். தேடலில் ^ என்றால் வரியின் தொடக்கம். ஆக நீங்கள் கேட்டது, 'எம் எழுத்தில் தொடங்கும் வரி எங்கே இருக்கிறது' என்ற கேள்வி. அப்படி ஒரு வரியும் இல்லையென்றால் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடும், தப்பித்தீர்கள். இருந்தால்தான் ஆபத்து. நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தபோது மாதவாரியாக வரிகள் கொண்ட ஓர் அறிக்கையில் இந்த ^எம்-களை எடுக்க நினைத்து, கோப்பு முழுவதற்கும் மாற்றும் ஆணையை இப்படிக் கொடுத்தேன்:

:%எஸ்/^எம்//

ஆணை பிழை எதுவும் சொல்லாமல் ஓடியது, நானும் சேமித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் வரிக் கடைசியில் இருந்த ^எம் எல்லாம் அப்படியே இருந்தன. வரித் தொடக்கத்தில் மார்ச் என்று இருந்தது 'ஆர்ச்' ஆகியிருந்தது, மே என்பது 'ஏ' ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் இருந்த அந்த மாதப் பெயர்களின் முதல் எழுத்தை நானே வழித்தெடுத்துவிட்டேன். பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. அன்றிலிருந்து மாற்றும் ஆணைக்கு முன்னால் அதே வடிவத்தை ஒரு தடவை தேடிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.

சரியாகத் தட்டும்போது திரையில் என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பாருங்கள். முக்காற்புள்ளி, %, எஸ், சாய்கோடு வரை வழக்கம்போல் தட்டுங்கள். இப்போது கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு வி. கர்சர் இருக்கும் இடத்தில் ஒரு ^ மட்டும் தோன்றும், எடிட்டர் அடுத்த கீக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கண்ட்ரோல்-எம் அழுத்துங்கள், அல்லது என்டர் கீயையே தட்டுங்கள். ஆணை ஓடாது. அந்த ^ பக்கத்தில் ஓர் எம் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு $, இரண்டு சாய்கோடு, கடைசியாக உண்மையான என்டர். பார்வைக்கு :%எஸ்/^எம்$// என்று இருக்கும். நான் கெடுத்த ஆணைக்கும் இதற்கும் கண்ணால் பார்த்தால் $ ஒன்றுதான் வித்தியாசம். உள்ளே இருப்பது மட்டும் வேறு. வரிக் கடைசி என்று சொல்லும் அந்த $ குறியை நான் எப்போதும் சேர்த்துவிடுவேன். நடுவரியில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட 13 ஏதாவது இருந்தால் அதற்குக் கை படாது.

கண்ட்ரோல்-எம் தட்டினாலும் என்டர் தட்டினாலும் ஒன்றுதான் என்றேன். அது ஏன் என்று தெரிந்துகொண்டால் மொத்த அட்டவணையும் மனப்பாடம் ஆனதுபோல. ஆஸ்கி என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் தொகுப்பு, 1963-இல் வெளியான தரம். 7 பிட், 128 இடங்கள். 0 முதல் 31 வரையிலான 32 இடங்களும் கடைசியில் உள்ள 127-ம் கண்ட்ரோல் எழுத்துகள். பெரிய எழுத்துகள் 65-இல் தொடங்குகின்றன. கண்ட்ரோல் கீ செய்வதெல்லாம் எழுத்தின் எண்ணிலிருந்து 64-ஐக் கழிப்பதுதான். எம் 77, கழித்தால் 13. ஜி 71, கழித்தால் 7, அது மணி. ஐ 73, கழித்தால் 9, அது டேப். எல் 76, கழித்தால் 12, அது அடுத்த பக்கத்துக்குத் தள்ளும் எழுத்து. இசட் எழுத்துக்கு அடுத்து இருப்பது [ அடைப்புக்குறி, எண் 91, கழித்தால் 27, அதுதான் எஸ்கேப். திரையில் எஸ்கேப் ^[ என்று தெரிவதற்குக் காரணம் இந்தக் கழித்தல்தான். 0 என்பது ^@. 127 மட்டும் கழித்தலுக்கு வராது, அதை ^? என்று காட்டுவது வழக்கம்.

இதனால்தான் டேப் கீயும் கண்ட்ரோல்-ஐ-யும் விஐ எடிட்டருக்கு ஒன்று, எஸ்கேப்பும் கண்ட்ரோல்-[-ம் ஒன்று. நாம் தட்டுவதைக் கணினிக்கு அனுப்பிப் பதிலைக் காட்டும் டெர்மினல் அனுப்புவது ஒரு பைட், எந்தக் கீயிலிருந்து அது வந்தது என்ற தகவல் கூட வராது. பில் ஜாய் விஐ எழுதியபோது பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் எச், ஜே, கே, எல் கீகளின் மேல் அம்புக்குறிகள் அச்சிட்டிருக்கும். அந்த டெர்மினலுக்குக் கண்ட்ரோல்-எச் கர்சரை இடப்பக்கம் நகர்த்தும், கண்ட்ரோல்-ஜே கீழே இறக்கும். எச் என்றால் 8, பின்னால் ஓரிடம் போகும் எழுத்து. ஜே என்றால் 10, வரி இறக்கும் எழுத்து. இன்றும் விஐ எடிட்டரில் அந்த நான்கு கீகளால் நகர்கிறோம்.

13-க்கும் 10-க்கும் உள்ள உறவையும் சொல்லிவிடுகிறேன், ^எம் தொல்லையின் வேர் அங்கேதான். டெலிடைப் 33 போன்ற தட்டச்சு டெர்மினல்களில் 13 வந்தால் அச்சுத்தலை இடது ஓரத்துக்குத் திரும்பும், 10 வந்தால் காகிதம் ஒரு வரி மேலே ஏறும். இரண்டும் இரண்டு வேலை. நொடிக்கு 10 எழுத்து அடிக்கும் அந்த இயந்திரத்தில் தலை கடைசி ஓரத்திலிருந்து திரும்பிவர ஓர் எழுத்துக்கான நேரம் போதாது. 13-ஐ முதலில் அனுப்பி, 10-ஐ அடுத்து அனுப்பினால் அந்த இடைவெளியில் தலை வந்து சேர்ந்துவிடும். யூனிக்ஸ் கோப்பில் 10 மட்டும் போதும் என்று முடிவு செய்தது. டாஸும் அதன் வழி வந்த விண்டோஸும் இரண்டையும் கோப்பிலேயே வைத்துக்கொண்டன. அங்கே எழுதிய கோப்பை இங்கே திறந்தால் 10 வரிமுடிவாகிவிடுகிறது, மிஞ்சிய 13 வரிக் கடைசியில் ^எம் ஆகத் தொங்குகிறது. ஷெல் என்ற நிரல் ஓட்டும் ஆணைக் கோப்பான ஷெல் ஸ்கிரிப்டில் இது வந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத கோளாறாகிவிடும். முதல் வரியில் இருக்கும் ஷெல்லின் பெயரோடு 13-ம் ஒட்டிக்கொள்வதால், அந்த விநோதப் பெயரில் நிரல் எதுவும் இல்லை என்று பிழை வரும். கோப்பு கண்முன்னே இருக்கிறது, இல்லை என்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

சரி, பார்ப்பது எப்படி? பெரும்பாலான கண்ட்ரோல் எழுத்துகளை விஐ தானாகவே ^ போட்டுக் காட்டிவிடும். டேப் மட்டும் வெற்றிடமாகத் தெரியும். அதற்கு:

:செட் லிஸ்ட்

இப்போது டேப் எல்லாம் ^ஐ ஆகும், ஒவ்வொரு வரி முடிவிலும் $ நிற்கும். வரிக் கடைசியில் வீணாகக் கிடக்கும் இடைவெளிகளும் இதில் சிக்கும், ஏனென்றால் $ சற்றுத் தள்ளிப்போய் நிற்கும். பார்த்து முடித்ததும் :செட் நோலிஸ்ட். ஒரே ஒரு வரியை மட்டும் பார்க்க :எல் போதும்.

அந்த எல் ஆணை விஐ எடிட்டருக்கும் மூத்தது. கென் தாம்சன் எழுதிய எட் எடிட்டரிலிருந்து வந்தது. எட் இன்றும் பல லினக்ஸ் கணினிகளில் கிடைக்கிறது, அதில் எல் தட்டினால் வரி முடிவில் $ வரும், பேக்ஸ்பேஸ் \பி என்றும் எஸ்கேப் \033 என்றும் வரும். 033 என்பது எட்டை அடிமானமாகக் கொண்ட எண், நம் கணக்கில் 27. காகிதத்தில் அடிக்கும் டெர்மினல் காலத்து எட் செய்தது இன்னும் அழகு. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், டேபைக் காட்ட முதலில் ஒரு - அடிக்கும், ஓரிடம் பின்னால் வந்து அதன் மேலேயே > அடிக்கும். காகிதத்தில் வலப்பக்கம் பார்க்கும் அம்பு. பேக்ஸ்பேஸுக்கு அதேபோல் இடப்பக்க அம்பு. திரை இல்லை, தனி எழுத்துரு இல்லை, இருந்த இரண்டு குறிகளை ஒன்றன்மேல் ஒன்று அடித்து அம்பு வரைந்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் மூலநிரலில் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கே ஒளிந்திருக்கிறது என்றே தெரியாதபோது நான் தட்டும் தேடல் இது:

/[^ -~]

அடைப்புக்குறிக்குள் ^, ஓர் இடைவெளி, -, ~. ஆஸ்கியில் அச்சாகும் எழுத்துகள் இடைவெளியில் தொடங்கி ~ குறியில் முடிகின்றன. அந்த வரிசைக்கு வெளியே உள்ள எது இருந்தாலும் பிடித்துக் கொடு என்கிறோம். தமிழ் எழுத்துகளும் அதற்கு வெளியேதான் என்பதால் தமிழ்க் கோப்பில் இது எல்லா வரியிலும் நிற்கும். நிரல்களுக்கும் அமைப்புக் கோப்புகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விஐ எடிட்டரின் விரிவான புது வடிவமான விம் என்றால் கர்சரை வைத்து ஜி, ஏ என்று அடுத்தடுத்துத் தட்டினால் அந்த எழுத்தின் எண்ணைக் கீழே காட்டும். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த ஆணை ஓடாமல் அடம்பிடித்தால் அதன் இடைவெளிகள்மேல் இதைத் தட்டிப் பாருங்கள். 32 என்று வர வேண்டிய இடத்தில் 160 என்று வந்தால், அது வரி உடையாமல் தடுக்கும் வேறு வகை இடைவெளி. பார்வைக்கு இரண்டும் ஒன்று, ஷெல்லுக்கு வேறு வேறு.

எடிட்டருக்கு வெளியே என்றால், கோப்பைத் திரையில் கொட்டும் கேட் ஆணையோடு -வி சேர்த்துக் கொடுங்கள். சந்தேகமான கோப்பை வெறும் கேட் ஆணையில் கொட்டாதீர்கள். உள்ளே எஸ்கேப் இருந்தால் டெர்மினல் அதற்குக் கீழ்ப்படியும். நிறம் மாறலாம், முன் வந்த வரி அழிந்து வேறு வரி அதன்மேல் வரலாம். கோப்பில் இருப்பது ஒன்று, நீங்கள் காண்பது ஒன்று என்று ஆகிவிடும். தமிழ்க் கோப்பைக் கேட் -வி வழியாகப் பார்க்க முடியாது, ஒவ்வொரு தமிழ் எழுத்தும் சிதறும். 'அ' என்ற ஓர் எழுத்தே யுடிஎஃப்-8 முறையில் 224, 174, 133 என்று மூன்று பைட்.

விம் பயன்படுத்துவோருக்கு ஒரு விசேஷம். கோப்பின் எல்லா வரிகளிலும் 13 இருந்தால் விம் அதை டாஸ் கோப்பு என்று தானே புரிந்துகொண்டு ^எம் எதையும் காட்டாது. கீழே டாஸ் என்று ஒரு வார்த்தை மட்டும் இருக்கும். அப்படியென்றால் விம்மில் ^எம் கண்ணில் படும்போது பெரும்பாலும் சில வரிகளில் 13 இருக்கிறது, சில வரிகளில் இல்லை. இரண்டு கணினிகளில் மாறிமாறித் திருத்திய கோப்பு இப்படித்தான் ஆகும். அதற்கு முதலில் :இ ++எஃப்எஃப்=டாஸ், அடுத்து :செட் எஃப்எஃப்=யூனிக்ஸ், பிறகு சேமிக்கவும். மாற்றும் ஆணையே தேவைப்படாது.

கண்ணில் படும் கண்ட்ரோல் எழுத்தையெல்லாம் குப்பை என்று அள்ளிவிடவும் வேண்டாம். பழைய மூலநிரல்களிலும் இணைய நெறிமுறைகளைச் சொல்லும் ஆர்எஃப்சி ஆவணங்களிலும் வரும் ^எல் பக்கப் பிரிவு, தெரிந்தே வைத்தது. ஆணைகளின் உதவிக் குறிப்பான மேன் பக்கத்தைக் கோப்பாகச் சேமித்துத் திறந்தால் சில கணினிகளில் எழுத்து, ^எச், அதே எழுத்து என்று வரிசையாக வரும். அடித்து, பின்னால் வந்து, மறுபடி அதே எழுத்தை அடித்தால் காகிதத்தில் தடிப்பாகத் தெரியும், அந்தக் காலத்துத் தடித்த எழுத்து அது. அதைக் கையால் நீக்க உட்காராதீர்கள். சி-ஓ-எல் என்ற மூன்றெழுத்து நிரல் -பி சேர்த்துக் கொடுத்தால் சுத்தம் செய்து தந்துவிடும்.

இனி எஸ்கேப். டெர்மினலில் சிவப்பு எழுத்து வரவழைக்கும் வரியை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்செர்ட் மோடில் கண்ட்ரோல்-வி, அடுத்து எஸ்கேப் கீ. திரையில் ^[ வரும், மோடு மாறாது. அதற்கு அடுத்து உண்மையான [ ஒன்று, பிறகு 31, சின்ன எம். திரையில் ^[[31எம் என்று தெரியும். இரண்டு அடைப்புக்குறிகளில் முதலாவது ^ குறியோடு சேர்ந்த எஸ்கேப்பின் பாதி உருவம், இரண்டாவதுதான் நீங்கள் தட்டியது. இங்கேதான் நிறையப் பேர் ஓர் அடைப்புக்குறியை விட்டுவிடுகிறார்கள். சிவப்பை நிறுத்த அதேபோல் ^[[0எம். விஐ அமைப்புக் கோப்பில் ஒரு கீக்கு வேலை ஒதுக்கும் மேப் வரி எழுதும்போதும் இதே கதை. முடிவில் என்டர் அழுத்தியதாக இருக்க வேண்டுமென்றால் கண்ட்ரோல்-வி, என்டர் தட்டி ^எம் வைக்க வேண்டும். கண்ட்ரோல்-வி-யையே எழுத்தாக வைக்க அதை இரண்டு தடவை அழுத்தவும்.

விம்மில் இடைவெளிகளாக மாறும்படி டேபை அமைத்திருப்பவர்களுக்கும் கண்ட்ரோல்-வி கைகொடுக்கும். நிரல்களைக் கட்டித் தரும் மேக் என்ற கருவிக்கு மேக்ஃபைல் எழுதும்போது ஆணை வரிக்கு முன்னால் உண்மையான டேப் இல்லாவிட்டால் மேக் ஏற்காது. கண்ட்ரோல்-வி, டேப் என்று தட்டினால் 9 அப்படியே உள்ளே போகும்.

கண்ட்ரோல்-வி தட்டியும் சில கீகள் எடிட்டருக்குப் போய்ச் சேராது. கீபோர்டுக்கும் விஐ எடிட்டருக்கும் நடுவே டெர்மினல் டிரைவர் உட்கார்ந்திருக்கிறது, அது சிலவற்றை வழியிலேயே எடுத்துக்கொள்ளும். கண்ட்ரோல்-எஸ் தட்டித் திரை உறைந்துபோனால் பதறி விண்டோவை மூடாதீர்கள். அது நிறுத்து என்ற சைகை, கண்ட்ரோல்-க்யூ தட்டினால் மறுபடி ஓடும். டெர்மினல் அமைப்பை மாற்றும் எஸ்டிடிஒய் ஆணைக்கு -ஐக்ஸ்ஆன் கொடுத்தால் இந்தக் குறுக்கீடு நிற்கும். விம் என்றால் இன்னொரு வழியும் உண்டு. கண்ட்ரோல்-வி அழுத்தி மூன்று இலக்க எண்ணைத் தட்டலாம். 019 என்றால் கண்ட்ரோல்-எஸ், 027 என்றால் எஸ்கேப். கீயே தேவையில்லை. விண்டோஸ் விம்மில் கண்ட்ரோல்-வி ஒட்டும் வேலைக்குப் போயிருந்தால் அதற்குப் பதில் கண்ட்ரோல்-க்யூ. ஷெல்லின் ஆணை வரியிலும் கண்ட்ரோல்-வி இதே வேலையைச் செய்யும். எட் எடிட்டருக்குத் தனியாக இந்த வசதி இல்லை, ஆனால் லினக்ஸில் டெர்மினல் டிரைவரே கண்ட்ரோல்-வி-யைப் புரிந்துகொள்வதால் அங்கும் வேலை நடக்கும். ஈமாக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரில் இதன் பெயர் கண்ட்ரோல்-க்யூ.

0 மட்டும் தனி ரகம். பழைய விஐ அதை ஏற்காது, கோப்பில் இருந்தாலும் விட்டுவிடும், சேமித்தால் போனது போனதுதான். அதனால் பைனரிக் கோப்பைப் பழைய விஐ எடிட்டரில் திறந்து சேமிக்கவே கூடாது. விம் 0-ஐ ^@ என்று காப்பாற்றி வைக்கும், அதற்கும் -பி சேர்த்துத் திறப்பது நல்லது. விம்மில் மாற்றும் ஆணையின் இரண்டாம் பாதியில் \என் கொடுத்துவிட்டு வரி உடையும் என்று எதிர்பார்த்தால் ^@ வந்து விழும். வரி உடைய அங்கே \ஆர் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. திரையில் தெரியும் ^எம்-ஐ மவுஸால் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் கிடைப்பது ^ ஒன்று, எம் ஒன்று, இரண்டு சாதாரண எழுத்துகள். அதை மேலே சொன்ன மாற்றும் ஆணையில் ஒட்டினால் என் மாத அறிக்கைக்கு நேர்ந்ததுதான் நேரும். கோப்பை இன்னொருவருக்குக் காட்டி உதவி கேட்க வேண்டுமென்றால் திரையிலிருந்து நகலெடுத்து அனுப்பாமல் கோப்பையே அனுப்புங்கள். முடியாவிட்டால் ஓ-டி என்ற இரண்டெழுத்து ஆணையை -சி சேர்த்துக் கொடுத்து, அதன் வெளியீட்டில் முதல் சில வரிகளை அனுப்புங்கள், ஒவ்வொரு பைட்டும் தனித்தனியாக அதில் தெரியும்.